வழியை விட்டுத் திரும்பிய படகு

இந்த வாரம் மணிமங்கலத்து ஏரியைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். நேயர்கள் மன்னிக்க வேண்டும். ஏரி எங்கும் போய்விடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பி, கலங்கலில் வழிந்துகொண்டு, ‘எப்போது எழுதினாலும் எனக்கு ஆட்சேபமில்லை’ என்னும் பாவனையில் அது கிடக்கிறது. அதைவிட அவசரமான காரியம் ஒன்று என் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சென்ற சனிக்கிழமை மாலை அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பனார் வந்தார். ஒரகடத்தில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்திருந்தார். விஷயம் லேசானதல்ல என்று அதிலிருந்தே ஊகித்துக்கொண்டேன். அவர் கையில் ஒரு கட்டுரை நோட்டும், நாலாக மடித்த ஒரு காகிதமும் இருந்தன.

“ஸார், இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்” என்றார்.

நான் ஏற்கெனவே படித்ததுதான். பத்துக்கு எட்டு மார்க்குப் போட்டு, சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதியவனும் நான்தான். ‘நான் என்ன ஆக விரும்புகிறேன்’ என்பது தலைப்பு. அந்த வகுப்பில் நாற்பது பேர். அவர்களில் முப்பது பேருக்குக் குறையாமல் டாக்டர்களாகவும் கலெக்டர்களாகவும் ஆகிவிட்டார்கள். இந்த ஒரு பெண் மட்டும் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வரப்போவதாக எழுதியிருந்தாள். பக்கத்தின் மூலையில், பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படமும் ஒட்டியிருந்தது. வெள்ளைப் படகு ஒன்றின்மேல் இரண்டு பெண்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மடித்த காகிதம், மாணவர் படை முகாம் ஒன்றுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் தாள். அந்த முகாமில் பாய்மரப் படகு செலுத்தவும் கற்றுக்கொடுப்பார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“நீங்கள் வகுப்பில் படகுப் பந்தயத்தைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து இவள் இப்படித்தான் இருக்கிறாள், ஸார். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பந்தயத்துக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்களா?”

இருபது வருஷமாக உபாத்தியாயர் வேலை பார்க்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த சந்தர்ப்பங்கள் அதிகமில்லை. “அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சொல்கிறேன்” என்று அனுப்பிவைத்தேன்.

வகுப்பில் நான் சொன்னது இதுதான். ஆஸ்திரேலியாவில் ஸிட்னி துறைமுகத்திலிருந்து தாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் நகரத்துக்கு ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 26ந் தேதி பாய்மரப் படகுகள் பந்தயமாகப் புறப்படுகின்றன. நம் கரையோர மக்களுக்கு டிசம்பர் 26 என்றால் 2004ஆம் வருஷத்து ஆழிப்பேரலையின் நினைவு நாள். கடலில் பாலை ஊற்றி, பூவைத் தூவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதே தேதியில் வேறொரு கரையில் பீரங்கி முழங்க, ஜனங்கள் ஆரவாரிக்க, படகுகள் அதே சமுத்திர ராஜனை நம்பிப் புறப்படுகின்றன. தூரம் 628 கடல் மைல். அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பவும் திருச்சிராப்பள்ளியைத் தாண்டி வருகிற அளவு.

இந்தப் பந்தயம் பிறந்த கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் குதூகலம் தாங்காது. 1945ஆம் வருஷம் யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஸிட்னி நண்பர்கள் சிலர் பண்டிகைக்குப் பிறகு ஹோபார்ட்டுக்கு உல்லாசமாகப் படகில் போய் வர உத்தேசித்தார்கள். இல்லிங்வொர்த் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியையும் வரும்படி அழைத்தார்கள். ‘பந்தயமாக வைத்துக்கொண்டால் வருகிறேன்’ என்றார் அவர். ஒன்பது படகுகள் புறப்பட்டன. முதல் நாளே புயல் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஒதுங்கியும் தயங்கியும் நின்றபோது தளபதியின் படகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தேடிச் சென்ற ஆகாய விமானத்தின் கண்ணுக்கும் அது தட்டுப்படாததால், மூழ்கியிருக்க வேண்டும் என்றே பேச்சு எழுந்தது. மூழ்கவில்லை. தேடிய இடத்துக்கு வெகு தூரம் முன்னால் போயிருந்தது, அவ்வளவுதான். ஆறரை நாளில் ஹோபார்ட்டை எட்டி அதுவே வென்றது. அந்தப் படகின் பெயர் ‘ராணி’. வகுப்பில் ராணி என்ற பெயருடைய பெண்கள் இருவர் உண்டு. அன்று அவர்கள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! அன்று ஆறரை நாள் பிடித்த தூரத்தை 2017ஆம் வருஷத்தில் ஒரு பெரும் படகு முப்பத்துமூன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது என்பதையும் சொல்லி, மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

இது பாதிக் கதை. மறு பாதியை நான் சொல்லவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. பிள்ளைகளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை. அந்தக் கடனைத்தான் ஒரு தகப்பனார் வட்டியோடு கேட்டு வந்தார்.

மறு பாதி இது. 1998ஆம் வருஷம் 115 படகுகள் புறப்பட்டன. மறுநாள், ஆஸ்திரேலியாவுக்கும் தாஸ்மேனியாவுக்கும் நடுவிலுள்ள பாஸ் ஜலசந்தியில் பெரும் புயல் அவற்றை வளைத்துக்கொண்டது. அங்கே கடலில் ஆழம் அதிகமில்லை. ஆழம் குறைந்த கடலில் அலை செங்குத்தாக எழும்பி முறியும். ஐந்து படகுகள் மூழ்கின. ஆறு பேர் இறந்தார்கள். ஐம்பத்தைந்து பேரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அவர்களில் பலரை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர்கள் அலையிலிருந்து தூக்கினார்கள். ஹோபார்ட்டை அடைந்தவை 44 படகுகளே. மூழ்கியவற்றில் ஒன்று, 1945ஆம் வருஷத்து முதல் பந்தயத்தில் ‘ராணி’யோடு புறப்பட்ட ஒன்பதில் ஒன்றாகிய பழம் படகு. அதிலிருந்தவர்களில் மூவர் போய்விட்டார்கள்.

அந்தப் புயலில் நடந்த ஒரு சம்பவம் என்னை வெகு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பாய்மரம் இழந்து, ஓர் ஆளையும் கடலுக்குப் பறிகொடுத்துத் தத்தளித்த ஒரு படகுக்கு அருகில் மற்றொரு பந்தயப் படகு வந்தது. இவர்கள் அபாய வாணம் கொளுத்தினார்கள். அந்தப் படகு நிற்காமல் போய்விட்டது. அந்த அலையில் நின்றிருக்க முடியுமா, நின்றிருந்தால் அதுவும் கவிழ்ந்திருக்காதா என்றெல்லாம் அந்நாட்டுப் படகோட்டிகளிடையே பெரிய தர்க்கம் நடந்தது. கரையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் ஒன்று தெரிகிறது. வாணத்தைக் கொளுத்தியவர்களுக்கு, அது நிற்காமல் போனது புயலைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. கடலில் அப்படி நடப்பது வழக்கமல்ல.

இரண்டு வருஷம் கழித்து வெளியான மரண விசாரணை அறிக்கை, பந்தயத்தை நடத்திய சங்கம் மேற்பார்வைப் பொறுப்பைக் கைநழுவ விட்டுவிட்டது என்று கண்டித்தது. அதன்பிறகு சட்டதிட்டங்கள் கடுமையாயின. படகிலுள்ளவர்களில் பாதிப் பேராவது கடலில் உயிர் காக்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஜலசந்திக்குள் நுழையுமுன் ஒவ்வொரு படகும் வானொலியில் கூப்பிட்டு, ‘படகும் ஆட்களும் சரியாக இருக்கிறோம்; மேலே போகத் தயார்’ என்று உறுதி சொல்ல வேண்டும். அப்படியும் 2024ஆம் வருஷப் பந்தயத்தில் இரண்டு வெவ்வேறு படகுகளில் இருவர் இறந்தார்கள். ஆகவே தகப்பனாரின் கேள்விக்கு நேரான பதில், ‘இல்லை’ என்பதுதான்.

ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பிவிடுவதும் பாதிக் கதை சொல்வதாகவே ஆகும். இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு இதில் என்ன என்று விட்டுவிடலாம் என்றால், அதுவும் முடியாது. நம் நாட்டுக்கும் கடற்பந்தயத்துக்கும் உள்ள சம்பந்தம் ஒரு தேக்குமரப் படகிலிருந்து தொடங்குகிறது.

1968ஆம் வருஷம் லண்டன் பத்திரிகை ஒன்று, எங்கும் நில்லாமல் தனி ஒருவராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வருபவருக்குத் தங்கக் கோளம் ஒன்றைப் பரிசாக அறிவித்தது. சீக்கிரம் வருபவருக்கு ஐயாயிரம் பவுன் வேறு. அதுவரை யாரும் செய்து முடிக்காத காரியம் அது. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கில வாலிபர். அவருடைய படகு ‘ஸுஹைலி’. முப்பத்திரண்டு அடி நீளம். நம் ஊர்க் கல்யாணப் பந்தலில் பாதிகூடத் தேறாது. அதைக் கட்டியவர்கள் பம்பாய்த் தச்சர்கள். வாச்சியாலும், கயிறு சுற்றி இழுக்கும் துரப்பணத்தாலும், நம் கடற்கரை ஓடாவிகள் வேலை செய்யும் அதே கைப்பாங்கில் தேக்கை இழைத்துச் செய்த படகு. ஸுஹைல் என்பது அரபு மொழியில் தென்திசையிலுள்ள ஒரு நட்சத்திரத்தின் பெயர். நாம் அதை அகத்தியர் என்கிறோம்.

படகு ஆமை வேகத்தில் சென்றது. வழியில் வானொலி பழுதாகி, மாதக் கணக்கில் தகவலே இல்லை. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22ந் தேதி, அது புறப்பட்ட துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது. ஒன்பதில் கரை சேர்ந்தது அது ஒன்றுதான். பம்பாய்த் தச்சர்களின் பெயரை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போடவில்லை. அது நமக்குப் பழக்கமான விஷயந்தானே!

மற்ற எண்மரில் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மொய்தெஸியே என்ற பிரெஞ்சுக்காரர், பந்தயத்தை வெல்லக்கூடிய நிலையில் இருந்தபோது, ‘எனக்குப் பரிசு வேண்டாம்’ என்று எழுதி, கவணில் வைத்து, எதிரே வந்த கப்பலின் தட்டில் எறிந்துவிட்டு, திசை திரும்பிப் பசிபிக் தீவுகளுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி என் நண்பர்களிடையே இரண்டு கட்சி உண்டு. நான் எந்தக் கட்சி என்பதை என் தலைமையாசிரியர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார் என்ற காரணத்தால் வெளியிடவில்லை.

இன்னொருவர் கதை துயரமானது. டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்பவர் நான்கு குழந்தைகளின் தகப்பனார். கடன் வாங்கி, அவசர அவசரமாகப் படகு கட்டிப் புறப்பட்டுவிட்டார். அந்தப் படகு தென்சமுத்திரத்துக்குத் தாங்காது என்று வழியில் தெரிந்தது. திரும்பினால் கடனும் அவமானமும், முன்னேறினால் மரணம். அவர் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்த் தகவல் அனுப்பினார். கணக்கு வாத்தியார்கள் இதைக் கவனிக்க வேண்டும். போகாத இடத்தில் சூரியன் இன்ன நேரத்தில் இன்ன உயரத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பொய் எழுதுவது, போன இடத்தில் மெய்யாக அளந்து எழுதுவதைவிடப் பல மடங்கு கடினம். விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற வழியைப் பிறகு உண்டாக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள். க்ரோஹர்ஸ்ட்டும் கெட்டிக்காரர். அவர் நெருங்கி வருகிறார் என்று நம்பி, முன்னால் சென்றுகொண்டிருந்த டெட்லி என்பவர் தம் படகை விரட்டினார். அது உடைந்து மூழ்கி, அவர் தெப்பத்தில் உயிர் தப்பினார். 1969 ஜூலையில் க்ரோஹர்ஸ்ட்டின் படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதிலிருந்த குறிப்பேடுகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

இதைக் கேட்ட நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? ஐயாயிரம் பவுனும் அவருக்கே வந்திருந்தது. முழுவதையும் க்ரோஹர்ஸ்ட்டின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐம்பது வருஷம் கழித்து, 2018ஆம் வருஷத்தில், அந்தப் பந்தயத்தைப் பழைய முறைப்படியே மீண்டும் நடத்தினார்கள். செயற்கைக்கோளைக் கேட்டு வழி அறியக் கூடாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து, காகிதப் படத்தில் கோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். பிரான்ஸின் லே ஸாப்ல் தோலோன் துறைமுகத்திலிருந்து ஜூலை முதல் தேதி புறப்பட்டவர்களில் நம்மவர் ஒருவர் இருந்தார். கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர் என்ற பெயரை 2013இலேயே பெற்றவர். இந்தத் தடவை அவர் ஏறியது ‘துரீயா’. ஸுஹைலியின் அதே வார்ப்பில் கோவாவில் கட்டிய படகு.

எண்பத்திரண்டாம் நாள், செப்டம்பர் 21ந் தேதி, மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் புயல் அவரைப் பிடித்தது. படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது. அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை என்று ஒரு சிறு செய்தி வந்தது.

அவர் எங்கே கிடந்தார் என்பதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கன்னியாகுமரியில், குமரியம்மன் கோயிலுக்கு முன்னால், கடலைப் பார்த்து நில்லுங்கள். அங்கிருந்து நேர் தெற்கே, வலமோ இடமோ கோணாமல் ஒரு கோடு இழுங்கள். ஏறக்குறைய ஐயாயிரம் கிலோமீட்டர் தூரம் அந்தக் கோடு ஒரு பிடி மண்ணையும் தொடாது. அதற்கப்பால் முதன்முதலில் தட்டுப்படுவது ஆம்ஸ்டர்டாம் என்ற ஒரு குட்டித் தீவு; பிரெஞ்சுக்காரர்களுடையது. அந்தத் தீவுக்கு அருகில்தான் நம்மவர் படகின் உள்ளே அசைய முடியாமல் கிடந்தார்.

அப்போது பந்தயம் என்னவாயிற்று? அங்கே சற்றேறக்குறைய நூறு மைலுக்குள் கிரெகர் மெக்கக்கின் என்ற அயர்லாந்துக்காரர் இருந்தார். பந்தயத்தில் இவருக்குப் போட்டியாளர். அதே புயலில் அவருடைய பாய்மரங்களும் முறிந்துவிட்டன. மிச்சமிருந்த கழியையும் துணியையும் கொண்டு ஒரு தற்காலிகப் பாயைக் கட்டி, அந்த அரைகுறைப் படகை நம்மவர் இருந்த திக்குக்குத் திருப்பினார். நம் அரக்கோணத்தில் தளம் கொண்ட கடற்படை விமானங்களில் ஒன்று, மொரிஷியஸிலிருந்து பறந்து போய், முறிந்த மரத்தோடு மிதந்த படகைக் கண்டுபிடித்தது. ஆஸ்திரேலியாவும் விமானமும் கப்பலும் அனுப்பியது. மூன்றாம் நாள், ‘ஓஸிரிஸ்’ என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் போய்ச் சேர்ந்து, அவரைத் தூக்குப் படுக்கையில் ஏற்றி ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுபோயிற்று. அயர்லாந்துக்காரரையும் அதே கப்பல் ஏற்றிக்கொண்டது. பிறகு நம் கடற்படையின் ‘ஸாத்புரா’ கப்பல் போய் நம்மவரை அழைத்து வந்தது. ஒரு மனிதனுக்காக நான்கு தேசங்கள்!

முதுகில் உலோகத் தண்டு வைத்துத் தைத்த பிறகு மனிதர் வீட்டில் இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? 2022 செப்டம்பரில் அதே பந்தயத்துக்கு மறுபடியும் புறப்பட்டார். பதினாறு பேரில், நடுவே எங்கும் நில்லாமல், விதிகளுக்கு முழுக்க உட்பட்டு முடித்தவர்கள் மூவர். டோமி இரண்டாமவர்; 236 நாள். முதலில் வந்தவர் தென் ஆப்பிரிக்காவின் கர்ஸ்டன் நாய்ஷேபர் என்ற பெண்மணி. இந்த மாதிரிப் பந்தயத்தை ஒரு பெண் வென்றது அதுவே முதல் தடவை.

அந்த அம்மையாரைப் பற்றி நான் ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரிடம் சொன்னேன். அவர் சொன்னபடியே வந்துவிட்டார். இந்தத் தடவை சலவைச் சட்டை போட்டிருந்தார். மேற்படி விவரங்களையெல்லாம் ஒளிக்காமல் சொல்லி முடித்தேன். ஆறு பேர், இரண்டு பேர், க்ரோஹர்ஸ்ட், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“2022 நவம்பரில்,” என்றேன், “தென் ஆப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே பின்லாந்துக்காரர் ஒருவரின் படகு சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. அவர் காற்றடைத்த தெப்பத்தில் ஏறிக்கொண்டார். பக்கத்தில் கரை கிடையாது. கிட்டத்தட்ட நூறு மைல் தூரத்தில் இந்த அம்மாள் போய்க்கொண்டிருந்தார். செய்தி கிடைத்ததும் படகைத் திருப்பினார். இரவு முழுவதும் சுக்கானைத் தாமே பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் அந்தத் தெப்பத்தைக் கண்டுபிடித்து, அவரைத் தம் படகில் ஏற்றி, பிறகு அந்தப் பக்கம் வந்த ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பலில் ஒப்படைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பந்தயத்தைத் தொடர்ந்தார்.”

“அந்த நேரம் அவருக்கு நஷ்டந்தானே, ஸார்?”

“பந்தயம் நடத்தியவர்கள் முப்பத்தைந்து மணி நேரத்தை அவர் கணக்கில் கழித்துக் கொடுத்தார்கள்.”

தொழிற்சாலைக்காரர் அல்லவா! ஒரு கணம் விரலை மடக்கினார். “நாலு ஷிப்டும் மூன்று மணியும்” என்றார். பிறகு, “அது கழித்துக் கொடுப்பார்கள் என்று முன்னாடியே தெரிந்துதான் போனாரா?” என்று கேட்டார்.

“சேதி வந்தபோது கணக்குப் பார்க்க நேரம் ஏது? பக்கத்தில் இருப்பவர் போக வேண்டும். அது அங்கே எழுதியும் வைத்திருக்கிறது, எழுதாமலும் இருக்கிறது.”

அவர் பேசவில்லை. நோட்டைப் புரட்டி, மகள் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். “இவர்கள் யார்?”

“ஒருவர் ரூபா அழகிரிசாமி, நம் புதுச்சேரிப் பெண். மற்றவர் தில்னா, கோழிக்கோடு. இருவரும் கடற்படை அதிகாரிகள். இவர்கள் போனது பந்தயமல்ல. ‘தாரிணி’ என்ற படகில் 2024 அக்டோபர் 2ந் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, நாலு துறைமுகங்களில் மட்டும் நின்று, உலகைச் சுற்றிக்கொண்டு 2025 மே 29ந் தேதி கோவாவுக்கே வந்து சேர்ந்தார்கள். பழக்கிவிட்டவர் யார் தெரியுமா? முதுகு முறிந்த அதே டோமிதான்.”

புதுச்சேரி என்றதும் அவர் நிமிர்ந்தார். இந்த இடத்தில் நான் சரித்திரத்தையும் கொஞ்சம் இழுத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலுக்கும் மணிமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா? புலிகேசியை இந்த மண்ணில் முறியடித்த நரசிம்ம பல்லவன், இலங்கை அரசுரிமை கோரிய மானவர்மனுக்காகக் கப்பற்படை அனுப்பியவன். நேர்க்கோட்டில் அளந்தால் கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் தகப்பனாருக்குப் பல்லவ சக்கரவர்த்தியிடம் அன்று அக்கறை இருக்கவில்லை.

“ஸார், ஒன்று சொல்லட்டுமா? எங்கள் தொழிற்சாலையில் ஒருவன் கை மாட்டிக்கொண்டால், மெஷினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ‘உற்பத்தி போச்சே’ என்று யாரும் கேட்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால் புதிதாக வந்த பையன்கள் கொஞ்சம் தயங்குவார்கள். நான் கத்துவேன்.” சற்று நிறுத்தினார். “கடலில் அந்த அம்மாள் தயங்கவில்லை என்கிறீர்கள்.”

“தயங்கவில்லை.”

“1998இல் ஒருவன் தயங்கினான் என்றும் சொல்கிறீர்கள்.”

“அதையும் சொன்னேன்.”

காகிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். பிறகு மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இவளுக்கு நீந்தத் தெரியாது, ஸார். எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியும். இவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பெண் பிள்ளை, கிணற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். தாளை என்றைக்குள் கொடுக்க வேண்டும்?”

“இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.”

“ஏரியில் எந்தப் பக்கம் ஆழம் குறைச்சல்?”

“ஏரி வேண்டாம். மழைக்காலம், சேறு, முள், சுழல் எல்லாம் இருக்கிறது. படிக்கட்டு உள்ள கிணறாகப் பாருங்கள். நீங்களும் கூடவே இறங்குங்கள்.”

“மாமனார் ஊரில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். கட்டுரை நோட்டு இருந்த கையில், சணல் கயிற்றில் கோத்து, காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அவற்றை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.